கம்பெனி சீனியைக் குறைக்குமா, இல்லை பழியெல்லாம் கடைக்காரன் தலையில்தானா?

படந்தாலுமூடு கடைக்காரன் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கேரள எல்லையில் இருக்கிற களியக்காவிளைக்கு இந்தப் பக்கம், ஒரு பள்ளிக்கூட வாசலுக்கு நேர் எதிரில் கடை வைத்திருக்கிறேன். பாதி மளிகை, பாதி பேக்கரிச் சாமான், வாசலில் கூல்டிரிங்ஸ் கம்பெனி கொடுத்த பிரிட்ஜ், ஓரமாகச் சாயாவும் சர்பத்தும். சாயங்காலம் மணி அடித்ததும் பிள்ளைகள் வந்து மொய்த்துவிடும். அன்றைய வியாபாரத்தில் பெரும்பாதி அந்த அரை மணி நேரத்தில்தான், அதை ஒளிக்க ஒன்றுமில்லை.

போன வாரம் பெற்றோர் ஆசிரியர் கழகத்திலிருந்து நாலைந்து பேர் வந்தார்கள். பத்து ரூபாய் கோலா பாட்டில், மாம்பழ ஜூஸ், கிரீம் பிஸ்கட், சிப்ஸ் இதெல்லாம் பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கூடாதாம், பள்ளிக்கூடத்திலிருந்து ஐம்பது மீட்டருக்குள் விற்கவே கூடாது என்று சட்டம் இருக்கிறதாம். சொல்லிவிட்டுப் போகும்போது அதில் ஒருவர் தன் மகனுக்குக் கிரீம் பிஸ்கட் இரண்டு பாக்கெட் வாங்கிக்கொண்டு போனார், அது தனிக் கதை.

எனக்கு வந்த கோபம் என்னவென்றால், சீனியைப் போட்டது நானா? கம்பெனி பாக்கெட் போட்டு அனுப்புகிறான், டிவியில் விளம்பரம் போடுகிறான், சேல்ஸ்மேன் வந்து ஸ்கீம் சொல்லி இரண்டு பெட்டிக்கு நாலு பெட்டி இறக்கிவிட்டுப் போகிறான். கடைசியில் பிள்ளையின் பல் சொத்தையானால் அதற்கும் நான்தான் பொறுப்பா? நர்சிங் படிக்கிற என் மகள் சொல்கிறாள், வெளிநாட்டில் டாக்டர்கள் எல்லாம் சேர்ந்து கம்பெனிகளிடமே போய் சீனியைக் குறை என்று சண்டை போடுகிறார்களாம், குறைக்கவும் வைத்திருக்கிறார்களாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. உண்மையிலேயே எங்காவது குறைந்திருக்கிறதா? குறைத்தால் ருசி போய் ஜனங்கள் வாங்காமல் இருக்கமாட்டார்களா? அப்புறம் இந்த ஐம்பது மீட்டர் விஷயம் நிஜமா, இல்லை சும்மா மிரட்டலா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

குழித்துறைப் பாலம் எழுதியது:

ஐம்பது மீட்டர் நிஜம்தான் அண்ணே. எஃப்எஸ்எஸ்ஏஐ என்கிற மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-ல் பள்ளிப் பிள்ளைகளின் உணவுக்கென்று ஒரு விதிமுறை கொண்டுவந்தது. கொழுப்பு, உப்பு, சீனி அதிகமான சாமான்களைப் பள்ளி கேண்டீனிலும் வளாகத்திலும் விற்கக் கூடாது, கேட்டிலிருந்து எந்தத் திசையில் அளந்தாலும் ஐம்பது மீட்டருக்குள்ளும் கூடாது. ஆனால் இதுவரை யாரும் டேப் பிடித்து அளந்ததை நான் பார்த்ததில்லை, அப்படி அளந்தால் நம்ம தாலுகாவில் பாதிக் கடைக்கு ஷட்டர் போட வேண்டியதுதான்.

---

லெஸ்டர் மக்கா எழுதியது:

சொந்த ஊர் மேல்புறம், இங்கிலாந்தில் வேலை. உங்கள் மகள் சொல்வது இந்த நாட்டில் நடந்த கதைதான், நான் கண்ணால் பார்த்தது.

2014 ஜனவரியில் இங்கே 'ஆக்‌ஷன் ஆன் சுகர்' என்று ஒரு குழு தொடங்கினார்கள். தலைமை கிரஹாம் மெக்ரெகர் என்ற ரத்த அழுத்த நிபுணர். இவர் ஏற்கெனவே 1996-ல் உப்புக்கு எதிராக இதே மாதிரி ஒரு குழு வைத்து ஓரளவு ஜெயித்தவர். அந்த உப்புக் கதை தெரிந்தால்தான் சீனிக் கதை புரியும். ரொட்டியிலும் சூப்பிலும் இருக்கிற உப்பை ஒரே நாளில் குறைத்தால் ஜனங்கள் துப்பிவிடுவார்கள், ஆனால் வருஷத்துக்குக் கொஞ்சமாக எல்லாக் கம்பெனியும் ஒன்றாகக் குறைத்தால் நாக்கு அதோடு கூடவே இறங்கிப் பழகிக்கொள்ளும். பாக்கெட்டில் 'உப்பு குறைவு' என்று பெரிதாகப் போடவும் கூடாது, போட்டாலே அது பத்தியச் சாப்பாடு என்று விட்டுவிடுவார்கள். சத்தமே இல்லாமல் செய்தார்கள். 2001 வாக்கில் ஆளுக்கு நாளைக்கு 9.5 கிராம் என்று இருந்த உப்பு 2011-ல் 8.1 ஆனது. யாரும் ரொட்டியில் உப்பு இல்லை என்று போராட்டம் நடத்தவில்லை.

சீனிக்கும் அதையே கேட்டார்கள். மூன்றிலிருந்து ஐந்து வருஷத்துக்குள் பாக்கெட் உணவில் 20 முதல் 30 சதவீதம் குறையுங்கள், அப்படிச் செய்தால் ஒரு ஆளுக்கு நாளொன்றுக்கு நூறு கலோரி வரை குறையும் என்று கணக்கும் சொன்னார்கள். சும்மா சீனி கெட்டது என்று மேடை போடவில்லை, ஒவ்வொரு கம்பெனிச் சாமானாக எடுத்து இதில் இத்தனை ஸ்பூன் என்று பட்டியல் போட்டுப் பத்திரிகைக்குக் கொடுத்தார்கள். ஒரு டின் கோலாவில் ஒன்பது ஸ்பூன் என்றால் சரி, அது இனிப்பு என்று தெரிந்துதானே குடிக்கிறோம். தக்காளி சூப்பில் நாலு ஸ்பூன் என்றதும்தான் சனம் திரும்பிப் பார்த்தது.

குறைந்ததா என்றால், இரண்டு பதில் இருக்கிறது. பிஸ்கட், கேக், சாக்லேட், காலை சீரியல், தயிர் வகைகளுக்கு அரசு 2020-க்குள் 20 சதவீதம் குறைக்க வேண்டும் என்று இலக்கு மட்டும் வைத்தது, அபராதம் கிடையாது, நீங்களாகப் பார்த்துச் செய்யுங்கள் என்று விட்டது. கடைசியில் மொத்தமாகக் குறைந்தது 3.5 சதவீதம்தான். ஆனால் பானங்களுக்கு மட்டும் வரி போட்டார்கள். 2016 பட்ஜெட்டில் அறிவித்து 2018 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. அப்போது வைத்த கணக்கு, நூறு மில்லியில் 5 கிராமோ அதற்கு மேலோ சீனி இருந்தால் லிட்டருக்கு 18 பென்ஸ், 8 கிராமோ அதற்கு மேலோ இருந்தால் 24 பென்ஸ், 5-க்குக் கீழே இருந்தால் ஒரு பைசா இல்லை. இப்படிச் சீனி அளவுக்குத் தகுந்த மாதிரி படிப்படியாக வைத்ததுதான் சூட்சுமம். வரி வருவதற்கு முன்பே பாதிக்கு மேற்பட்ட கம்பெனிகள் சீனியைக் குறைத்துவிட்டன. வரிக்குள் வந்த பானங்களில் சராசரிச் சீனி ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. ஸ்காட்லாந்துக்காரர்கள் உயிரை விடுகிற 'அயர்ன் புரூ' என்று ஒரு ஆரஞ்சுக் கலர் சோடா உண்டு, 10.3 கிராமிலிருந்து 4.7-க்கு மாற்றுகிறோம் என்றதும் பழைய பாட்டிலைப் பெட்டி பெட்டியாக வாங்கிக் கட்டிலுக்கு அடியில் பதுக்கினார்கள். இப்போது அதே ஆட்கள் புதியதைத்தான் குடிக்கிறார்கள்.

ஆக அண்ணன் கேட்ட கேள்விக்கு என் அனுபவத்தில் பதில், கெஞ்சினால் குறைக்கமாட்டான், காசு போகும் என்றால் குறைப்பான்.

---

கருப்பட்டி எழுதியது:

லண்டன் கதை எல்லாம் சரி. நம்ம ஊரில் அக்கானி என்கிற பதநீர் குடித்து, கருப்பட்டிக் காப்பி குடித்து, ஓணம் விஷு என்று கேரளப் பக்கத்துச் சொந்தக்காரன் வீட்டில் பாயசம் குடித்து, தீபாவளிக்கு முந்திரிக்கொத்து தின்று எங்கள் தாத்தா தொண்ணூறு வயசு இருந்தார். சீனியைக் குறை, உப்பைக் குறை என்று ஆளாளுக்கு நிபுணர்கள் கிளம்பினால் நாளைக்கு சோற்றைக் குறை என்பான். வெள்ளைச் சீனிதான் விஷம், அதை விட்டுவிட்டுக் கருப்பட்டியும் மார்த்தாண்டம் தேனும் சாப்பிடுங்கள், எந்த நிபுணரும் வேண்டாம். தின்கிறவனுக்குத் தெரியாமல் சாப்பாட்டை மாற்றுவதே ஒரு மோசடிதானே?

---

பாறசாலை சிஸ்டர் எழுதியது:

கருப்பட்டி அண்ணன் கோபப்பட வேண்டாம். உங்கள் தாத்தா அக்கானி குடித்துவிட்டு எத்தனை பனை ஏறினார், எத்தனை மைல் நடந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இப்போது பனையும் இல்லை, ஏறுவதற்கு ஆளும் இல்லை, சீசன் போக மீதி நாளெல்லாம் கடையில் விற்கிற கருப்பட்டியில் சீனி எவ்வளவு கலந்திருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

நான் எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறேன், வீடு இந்தப் பக்கம். 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) ஆய்வில் கேரளத்தில் பெரியவர்களில் 25.5 சதவீதம் பேருக்கு சுகர், தமிழ்நாட்டில் 14.4, நாடு முழுக்கப் பத்து கோடிப் பேர். இதற்கெல்லாம் சீனி ஒன்றுதான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன், சோறும் உட்கார்ந்த வேலையும் வயசும் பரம்பரையும் எல்லாம் இருக்கிறது. ஆனால் அதற்காகச் சீனியை விட்டுவிட முடியாது.

தேன் விஷயம். உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்னது என்னவென்றால், நாம் சேர்க்கிற சீனி, அப்புறம் தேன், சிரப், பழச்சாறு இவற்றில் இருக்கிற சீனி எல்லாம் ஒரே கணக்கு. முழுப் பழத்திலும் பாலிலும் இருப்பது மட்டும் இதில் சேராது. இந்தக் கணக்கில் வருகிற மொத்தமும் நாள் கலோரியில் பத்து சதவீதத்துக்குள், அதாவது ஒரு பெரிய ஆளுக்குச் சுமார் 50 கிராமுக்குள் இருக்க வேண்டும், 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது. பிள்ளைக்கு இதைவிடக் குறைவு. மட்டிப்பழம் தின்னலாம், தேன் தேன்தான் என்று குப்பியைக் கவிழ்க்கக் கூடாது.

தெரியாமல் மாற்றுவது மோசடி என்கிறீர்கள். தக்காளி சாஸில் கால் பங்குக்கு மேல் சீனி போட்டது உங்களுக்குத் தெரிந்தா போட்டார்கள்? கைக்குழந்தைக்குக் கொடுக்கிற செரலாக்கில் இந்தியாவில் ஒரு வேளைக்கு மூன்று கிராம் அளவுக்குச் சீனி சேர்த்துவிட்டு, அதே கம்பெனி ஐரோப்பாவில் சேர்க்காமல் விற்கிறது என்று 2024 ஏப்ரலில் 'பப்ளிக் ஐ' என்ற சுவிஸ் அமைப்பு வெளியிட்டபோதுதான் பல தாய்மாருக்கே விஷயம் தெரிந்தது. அதற்கு அப்புறம் சில மாதத்திலேயே சீனி சேர்க்காத வகையும் கொண்டுவந்தார்கள், ஆக முடியாத காரியம் இல்லை. ஏற்றும்போது கேட்காதவன் இறக்கும்போது மட்டும் நம்மிடம் அனுமதி கேட்க வேண்டுமா?

---

ஓவன் சூடு எழுதியது:

கேரளத்தில் ஒரு பிஸ்கட் ஆலையில் ரொம்ப நாள் உற்பத்திப் பிரிவில் இருந்துவிட்டு, இப்போது அருமனைப் பக்கம் சொந்தமாக பேக்கரி போட்டிருக்கிறேன். லெஸ்டர் மக்கா சொன்ன அந்த 3.5-க்கும் பாதிக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசத்துக்கு வரி மட்டும் காரணம் இல்லை.

பானத்தில் சீனிக்கு ஒரே வேலைதான், இனிப்பு. எடுத்துவிட்டுச் சுக்ரலோஸ் என்கிற செயற்கை இனிப்பு ஒரு சொட்டு போட்டால் இடத்தைத் தண்ணீர் நிரப்பிக்கொள்ளும், தண்ணீர் சீனியை விட மலிவு, கம்பெனிக்கு லாபம்தான். பிஸ்கட்டில் அப்படி இல்லை. மைதா நூறு கிலோ என்றால் சீனி முப்பது கிலோ சாதாரணம், அந்த முப்பது கிலோ பிஸ்கட்டின் உடம்பு. பத்து கிலோவை எடுத்தால் அந்த எடைக்கு வேறு எதையாவது போட்டாக வேண்டும். மைதாவைப் போட்டால் பிஸ்கட் கல் மாதிரி ஆகும், கலோரியும் ஒரு பைசா குறையாது, ஏனென்றால் மைதாவும் கிராமுக்கு நாலு கலோரிதான், சீனியும் நாலுதான். எண்ணெயைக் கூட்டினால் கலோரி ஏறிவிடும். நார்ச்சத்துப் பொடி போடலாம், விலை எகிறும், கூடப் போனால் வயிறு உப்பும்.

அப்புறம் நிறம். ஓவனுக்குள் அந்தப் பொன்னிறம் வருவதே சீனியும் மாவில் இருக்கிற புரதமும் சூட்டில் சேர்வதால்தான், அதற்காகவே இன்வர்ட் சிரப் என்று ஒரு சீனிப்பாகைத் தனியாக ஊற்றுவோம். சீனி குறைந்தால் வெளுத்துப்போய் நோயாளி மாதிரி வரும், அதை யார் வாங்குவார்கள்? கேக்கில் ஈரத்தைப் பிடித்து வைப்பது சீனி, குறைத்தால் மறுநாளே வறண்டு உதிரும். ஜாமில் பூசணம் பிடிக்காமல் காப்பதே அதுதான், சட்டப்படியே ஜாமில் கரைந்த திடப்பொருள் 65 சதவீதம் இருந்தால்தான் ஜாம் என்று லேபிள் ஒட்டலாம், அதில் பெரும்பங்கு சீனிதானே. ஆகவே பிஸ்கட் கம்பெனிக்காரன் முடியாது என்று சொன்னால் எல்லாமே புளுகு இல்லை.

ஆனால் பாதி புளுகுதான். பத்து சதவீதம் வரைக்கும் குறைத்தால் ஒரு ஆளுக்கும் தெரியாது, இதை ஆலையில் நாங்களே சோதனை போட்டுப் பார்த்திருக்கிறோம், ருசி பார்க்கிற குழுவே இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லும். பிறகு ஏன் குறைப்பதில்லை? மைதாவை விட்டால் அந்த டிரம்மில் விழுகிற சாமானில் மலிவானது சீனிதான். எண்ணெய், பால்பொடி, முந்திரி எல்லாம் அதைவிடப் பல மடங்கு. சீனியைக் குறைத்தால் அந்த இடத்தில் விலை கூடியது எதையாவது போட வேண்டும், பக்கத்துக் கம்பெனி குறைக்காமல் இருந்தால் எங்கள் பாக்கெட் ஒரு ரூபாய் கூட வைத்து எப்படி விற்கும்? எல்லாரும் ஒன்றாகக் குறைத்தால் மட்டும்தான் யாருக்கும் நஷ்டம் இல்லை. அந்த டாக்டர் குழு கேட்டதும் அதுதான் என்று நினைக்கிறேன்.

---

படந்தாலுமூடு கடைக்காரன் எழுதியது:

சிஸ்டர் சொன்னதைப் படித்துவிட்டு நேற்று ராத்திரி கடை அடைத்த பிறகு மகளை உட்கார வைத்து ஒவ்வொரு பாக்கெட்டாக எடுத்துப் பார்த்தேன். முதல் சிரமம் எழுத்து. ஐந்து ரூபாய் பாக்கெட்டின் பின்பக்க மடிப்பில், பளபளக்கிற தாளில், வெள்ளி நிறத்தின் மேல் வெள்ளை எழுத்து, செல்போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால்தான் தெரிகிறது. கிரீம் பிஸ்கட்டில் நூறு கிராமுக்கு 35-ஐத் தாண்டி இருக்கிறது. அது போகட்டும், காய்ச்சல்காரனுக்கு வாங்குகிற சாதா பிஸ்கட்டிலும் இருபதுக்கு மேல். உடம்புக்கு நல்லது என்று கோதுமைக் கதிர் படம் போட்ட பிஸ்கட்டிலும் கிட்டத்தட்ட அதே கதை. மாம்பழ ஜூஸ் நூறு மில்லிக்கு 13, கோலா பத்தரை. நான் இத்தனை நாளாகக் கோலா கேட்கிற பிள்ளைகளிடம் அது வேண்டாம் மக்களே, ஜூஸ் குடியுங்கள் என்று நல்ல மனசோடு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ஒன்று புரியவில்லை. சீனி என்று எழுதிவிட்டு அப்புறம் லிக்விட் குளுக்கோஸ், இன்வர்ட் சிரப், மால்டோடெக்ஸ்ட்ரின் என்று வேறு போட்டிருக்கிறானே, அதெல்லாம் என்ன? அப்புறம் 'ஆர்டிஏ இத்தனை சதவீதம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதில் சின்ன எண்ணாகத்தான் போட்டிருக்கிறது.

---

பாறசாலை சிஸ்டர் எழுதியது:

சேர்மானப் பட்டியலில் எது அதிகமோ அது முதலில் வர வேண்டும் என்பது சட்டம். எல்லாவற்றையும் சீனி என்று ஒரே பெயரில் போட்டால் அது முதல் இடத்துக்கு வந்துவிடும், நாலு பெயரில் பிரித்துப் போட்டால் மூன்றாவது, ஐந்தாவது என்று பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். லிக்விட் குளுக்கோஸ், இன்வர்ட் சிரப், டெக்ஸ்ட்ரோஸ் எல்லாம் சீனியின் சொந்தக்காரர்கள்தான். மால்டோடெக்ஸ்ட்ரின் மாவுச்சத்து, ஆனால் ரத்தத்தில் குளுக்கோஸை ஏற்றுவதில் சீனிக்குக் குறைந்ததில்லை. 'சுகர் ஃப்ரீ' பிஸ்கட் என்று நம்பி வாங்கித் தின்றுவிட்டு ரத்தத்தில் சுகர் 280-உடன் வருகிறவர்களை வாரத்துக்கு வாரம் பார்க்கிறேன், சீனி இல்லை, மைதா இருக்கிறதே.

ஆர்டிஏ என்றால் ஒரு நாளைக்குப் பரிந்துரைத்த அளவு. அந்தக் கட்டத்தில் நூறு சதவீதம் என்பது சேர்த்த சீனி 50 கிராம், 2000 கலோரி சாப்பிடுகிற பெரிய ஆளுக்கு. எட்டு வயசுப் பிள்ளைக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. அதோடு 'ஒரு முறை பரிமாறும் அளவு' என்று இரண்டு பிஸ்கட்டை வைத்துக் கணக்குப் போட்டிருப்பான், இரண்டு பிஸ்கட்டோடு நிறுத்துகிற பிள்ளையை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? அதனால் நூறு கிராமுக்கு எவ்வளவு என்பதை மட்டும் பாருங்கள், நாலு கிராம் ஒரு ஸ்பூன் என்று வகுத்துக்கொள்ளுங்கள், மற்றதை விட்டுவிடுங்கள்.

சிலி நாட்டில் 2016-லிருந்து சீனி அதிகமான பாக்கெட்டின் முன்பக்கத்திலேயே கறுப்பு எட்டுக்கோணக் கட்டம் போட்டு 'சீனி அதிகம்' என்று எழுதியாக வேண்டும், படிக்கத் தெரியாத பிள்ளைக்கும் புரியும். இங்கேயும் முன்பக்க எச்சரிக்கை வேண்டும் என்று டாக்டர்கள் வருஷக்கணக்கில் கேட்கிறார்கள், விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போய்விட்டது. நட்சத்திரம் போடலாம் என்று ஒரு யோசனையும் வந்தது. பிஸ்கட்டுக்கு இரண்டு நட்சத்திரம் கொடுத்தால் நம்ம ஆட்கள் அதை அவார்டு என்று நினைத்து இன்னும் இரண்டு பாக்கெட் வாங்குவார்கள்.

---

வரிக்கணக்கு எழுதியது:

ஜிஎஸ்டி கன்சல்டன்ட். லெஸ்டர் மக்கா சொன்ன, சீனி அளவுக்குத் தகுந்தபடி ஏறுகிற வரி நம்ம நாட்டில் இல்லவே இல்லை, அதுதான் கோளாறு. இங்கே கேஸ் அடைத்த பானத்துக்கு முதலில் 28-ம் அதற்கு மேல் 12 செஸ்ஸும், 2025 செப்டம்பர் 22 முதல் நேராக 40 சதவீதம். கேட்டால் உலகத்திலேயே பெரிய சீனி வரி மாதிரித் தெரியும். ஆனால் நூறு மில்லியில் 11 கிராம் போட்டாலும் 40, 4 கிராம் போட்டாலும் 40, சீனியே போடாத டயட் பாட்டிலுக்கும் 40. பிறகு கம்பெனிக்காரன் எதற்கு மெனக்கெட்டுக் குறைப்பான்?

அதே செப்டம்பரில் பிஸ்கட், கேக், சாக்லேட் எல்லாம் 18-லிருந்து 5-க்கு இறங்கியது. கடைக்காரர் சொன்ன அந்த 13 கிராம் மாம்பழ ஜூஸும் 12-லிருந்து 5-க்கு வந்துவிட்டது, கேஸ் இல்லாத பழ பானம் என்பதால். சாமானியனுக்கு விலை குறைந்தது நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் கோலாவை விடச் சீனி கூடின பானத்துக்கு 5, கோலாவுக்கு 40 என்றால் அது சீனிக்குப் போட்ட வரி இல்லை, குமிழிக்குப் போட்ட வரி.

கேரளத்தில் 2016-ல் நிதியமைச்சராக இருந்த தாமஸ் ஐசக் ஒரு 'கொழுப்பு வரி' போட்டார், நினைவிருக்கும். பிராண்டட் கடைகளில் விற்கிற பர்கர், பீட்சா, டோனட்டுக்கு 14.5 சதவீதம். அந்தப் பக்கம் ஒவ்வொரு வளைவிலும் இருக்கிற பேக்கரிக்கும், எண்ணெய்ச் சட்டியில் மிதக்கிற பழம்பொரிக்கும் அது பொருந்தாது. ஒரு வருஷத்தில் ஜிஎஸ்டி வந்து அதையும் விழுங்கிவிட்டது.

---

கருப்பட்டி எழுதியது:

பார்த்தீர்களா, வரிக்கணக்கு தம்பியே என் பக்கம் வந்துவிட்டார். பாக்கெட்டில் எண் போட்டிருக்கிறவனை எல்லாரும் பிடித்து உலுக்குகிறீர்கள். லட்டுவிலும் ஜிலேபியிலும் வெட்டு கேக்கிலும் எந்த எண்ணும் இல்லை. சாயாக்கடையில் கிளாஸுக்கு மூன்று ஸ்பூன் போட்டுத்தான் ஆற்றுகிறான், நாளைக்கு நாலு சாயா குடிக்கிற ஆள் நம்ம ஊரில் எத்தனை பேர்? லண்டன் டாக்டர் வந்து டீ மாஸ்டரிடம் பேச்சுவார்த்தை நடத்துவாரா?

---

பாறசாலை சிஸ்டர் எழுதியது:

இந்த ஒரு விஷயத்தில் கருப்பட்டி அண்ணன் சொல்வது நூற்றுக்கு நூறு. வார்டில் வருகிறவர்களிடம் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் ஒருவரும் சாயாவைச் சொல்லமாட்டார்கள், அது அவர்கள் கணக்கில் சாப்பாடே இல்லை. நாலு சாயா, மூன்று ஸ்பூன், அதிலேயே 48 கிராம் ஆகிவிடுகிறது, பிஸ்கட்டைத் தொடுவதற்கு முன்பே.

---

லெஸ்டர் மக்கா எழுதியது:

ஒன்று விட்டுப்போனது. இங்கே பானத்தில் சீனி குறைந்தபோது அந்த இடத்துக்குச் செயற்கை இனிப்புதான் வந்தது. உலக சுகாதார நிறுவனமே 2023-ல் உடம்பு எடையைக் குறைக்க இந்த இனிப்புகளை நம்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டது. அதனால் நாக்கு இனிப்பிலிருந்து இறங்கியது என்று நான் சொல்லமாட்டேன், சீனி இறங்கியது, அவ்வளவுதான். இன்னொரு வேடிக்கை, லூக்கோஸேட் என்று ஒரு பானம், சுகர் திடீரென்று இறங்கிப்போகிறவர்கள் அவசரத்துக்குக் கையில் வைத்திருப்பது. அதில் சீனியை ஏறக்குறைய பாதியாகக் குறைத்ததும் இனி பழைய அளவு குடித்தால் போதாது என்று நோயாளிகளுக்குத் தனியாக எச்சரிக்கை கொடுக்க வேண்டியதாகிவிட்டது.

---

படந்தாலுமூடு கடைக்காரன் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. கம்பெனி கதை புரிந்தது, அதற்கு டில்லி மனசு வைக்க வேண்டும். என் கதைக்கு வருகிறேன். பிரிட்ஜை வாசலிலிருந்து உள்ளே தள்ளி வைத்தால் கம்பெனிக்காரன் பிரிட்ஜையே எடுத்துக்கொண்டு போய்விடுவான், அப்புறம் பாலும் தயிரும் எதில் வைப்பது? மோர், ரோபஸ்டா பழம், வேர்க்கடலை, சுண்டல் வைத்துப் பார்க்கலாம் என்று மகள் சொல்கிறாள். சுண்டல் ஓடும், மோர் சாயங்காலம் மீந்தால் புளிக்கும். சர்பத்துக்கும் சாயாவுக்கும் என்ன செய்வது? ஒரே நாளில் சீனியைப் பாதியாக்கினால் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்கள்.

---

ஓவன் சூடு எழுதியது:

ஒரே நாளில் குறைக்கவே வேண்டாம், வெளிநாட்டுக்காரன் ரொட்டியில் உப்புக்குச் செய்ததைத்தான் நீங்கள் செய்யப்போகிறீர்கள். டீ மாஸ்டரிடம் சீனியைக் குறை என்று வாயால் சொன்னால் இரண்டு நாள் குறைப்பார், மூன்றாம் நாள் ஒரு ஆள் 'என்ன சேட்டா, சீனி தீர்ந்துபோச்சா?' என்று கேட்டதும் பழையபடி வாரிப்போடுவார். கை பழக்கத்தில் மூன்று ஸ்பூன் போடும், அந்த மூன்றை மாற்ற முடியாது, ஸ்பூனை மாற்றுங்கள். இப்போது கும்பாரமாக ஐந்து, ஆறு கிராம் பிடிக்கிற கரண்டி இருக்கும், அதைவிடக் கொஞ்சம் சின்னதாக ஒன்று வாங்கிப் போடுங்கள், இரண்டு மூன்று மாதம் போகட்டும், அப்புறம் இன்னும் சின்னது. போர்டு எதுவும் வைக்காதீர்கள். கூடக் கேட்கிறவருக்குத் தனியாகப் போட்டுக் கொடுங்கள், கேட்கிற உரிமை அவருக்கு உண்டு.

சர்பத்துக்குச் சீனிப்பாகு நீங்கள்தானே காய்ச்சுகிறீர்கள்? கிலோ சீனிக்கு ஊற்றுகிற தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள், எலுமிச்சையும் நன்னாரியும் கூடுதலாக விடுங்கள், புளிப்பும் வாசனையும் தூக்கலாக இருந்தால் இனிப்புக் குறைவது நாக்குக்குச் சட்டென்று தெரியாது. ஒன்று மட்டும் கவனம், பாகு நீர்த்தால் சீக்கிரம் கெடும், ஒரு வாரத்துக்குக் காய்ச்சி வைக்கிற பழக்கம் இருந்தால் விடுங்கள், இரண்டு நாளைக்கு மட்டும் காய்ச்சி பிரிட்ஜில் வையுங்கள். மீந்த மோரை என்ன செய்வது என்று என் வீட்டுக்காரியிடம் கேட்டுச் சொல்கிறேன்.

---

படந்தாலுமூடு கடைக்காரன் எழுதியது:

கரண்டி யோசனை கொள்ளாம். மாஸ்டர் லீவில் போயிருக்கிறார், திங்கட்கிழமை வருவதற்குள் மாற்றி வைத்துவிடுகிறேன். மார்த்தாண்டத்தில் இப்படிச் சின்னச் சின்ன அளவுக் கரண்டி எந்தப் பாத்திரக்கடைத் தெருவில் கிடைக்கும்?

---

குழித்துறைப் பாலம் எழுதியது:

மார்க்கெட் ரோட்டில் கேளுங்கள் அண்ணே. எவர்சில்வர் வேண்டாம், பிளாஸ்டிக் அளவுக் கரண்டி செட்டாகக் கிடைக்கும், பெரிதிலிருந்து சின்னது வரை வரிசையாக இருக்கும்.